சோத்தாங்கைப் பக்கம்

பதினோராம் பக்கத்தில் ஒரு வெற்று ஓடு.
உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்து.
மூன்று வாரம் வரைந்தேன் அதை,
தேயிலைச் சாயமும் கொஞ்சம் காப்பித்தூளும் குழைத்து,
வரிவரியாய்ப் பழுப்பேற்றி.
அச்சுக்குப் போகும் முந்தின இரவு
பக்கம் புரளும் திசைக்கு அழகாய் இருக்கட்டுமென்று
கணினியில் ஒரே சொடுக்கு.
இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.
நான் தூங்கப் போனேன்.

புக்கிட் பாத்தோக்கில் ஒரு சனிக்கிழமை.
மழை விட்டும் விடாத காலை பத்து மணி.
புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து
ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிக்கிறேன்.
சொந்தப் புத்தகத்தைச் சொந்தக் குரலில் வாசிக்கையில்
யாருக்கும் வரும் சிறு கர்வம்
எனக்கும் வந்திருந்தது.
"நத்தை தன் வீட்டைத் தானே கட்டும்.
விண்ணப்பம் இல்லை, குலுக்கல் இல்லை,
நாலு வருஷம் காத்திருக்கவும் வேண்டாம்."
பின்னால் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள்.
பிள்ளைகள் சிரிக்கவில்லை.

சஃபூரா, ஆறு வயது,
மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்ற மறுத்தவள்,
பைக்குள் கைவிட்டாள்.
ஒரு ரப்பர் வளையம், பாதி பிஸ்கட்,
பிறகு ஓர் ஓடு, ஈரம் காயாத மண்ணோடு.
கேட்காமலே என் பக்கத்தின்மேல் வைத்தாள்.
தாள் நனைந்தது.

வைத்தாள். திருப்பினாள்.
தலைகீழாய்க் கவிழ்த்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.
அடுத்த வீட்டுப் பூட்டில்
தன் சாவியை நுழைத்துப் பார்ப்பவள்போல
உதட்டைக் கடித்துக்கொண்டு.
"பொருந்தலையே," என்றாள்
என்னிடமில்லை, ஓட்டிடம்.
பிறகு என்னிடம்:
"இதுக்கு வாய் சோத்தாங்கைப் பக்கம்.
உங்க படத்துல மத்த கைப் பக்கம்."

வலம்புரி, இடம்புரி என்றெல்லாம்
நாக்கு நுனிவரை வந்தது.
எது எதுவென்று சங்குக் கடையிலேயே தடுமாறியவள் நான்,
விழுங்கிவிட்டேன்.
அவள் உள்ளங்கையில் தடுமாற்றமே இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே பார்த்திருக்கே?"
தோற்கப் போகிறவர்கள் கடைசியாய்ப் பிடிக்கும் கிளை அது.
அவ்வளவுதான்.
பாய் காலி.

வெறும் ஓடு மட்டும், உயிருள்ளதைத் தொடக்கூடாது:
சட்டம் போட்டது மஞ்சள் மழைச்சட்டை.
கால்வாய் விளிம்பு, இட்லிப்பூச் செடிகளின் அடி,
மிதிவண்டிகளுக்குப் பின்னால் யாரும் போகாத மூலை.
கவிழ்த்த குடையில் கொண்டுவந்து கொட்டினார்கள்.
பதினேழு.
மூன்று உடைசல். ஒன்றில் எறும்புகள் குடியிருந்தன.
உச்சி மேலே, வாய் இந்தப் பக்கம் என்று
சுவரோரம் சாய்த்து நிறுத்தினார்கள்,
பள்ளிக் காலைக்கூட்டம்போல.
பதினேழும் சோத்தாங்கைப் பக்கமே வாய் திறந்தன.

அப்போது கிஷோன்,
அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன்,
இடக்கையைத் தூக்கிக் காட்டினான்.
"எனக்கு இதுதான் சோத்தாங்கை."
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
"அப்ப இது என் நத்தை."

அப்படி ஒரு நத்தை நிஜமாகவே உண்டா,
படத்தில் மட்டும்தானா,
இருந்தால் அதற்கு எப்படிக் கூட்டாளி கிடைக்கும்,
அதன் குட்டி எந்தப் பக்கம் சுற்றும்?
ஒன்பது முகங்களும் என்னிடம் திரும்பின.
"தெரியாது," என்றேன்.
அன்று காலை நான் சொன்னதிலேயே
அவர்களை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரே சொல்.

மறுபடி தூறல்.
அம்மாக்கள் கூப்பிட்டார்கள்; பிள்ளைகளோ
செடியடியில் பதினெட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பதிப்புக்குப் பார்த்து வரைய
சஃபூராவிடம் அந்த ஓட்டைக் கேட்டேன்.
யோசித்தாள்.
பைக்குள் போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.
"உங்களுக்கு வேணும்னா
அங்கதான் கிடக்கு, ஆன்ட்டி.
குனிஞ்சு பாருங்க."