ஜீரோ பாயிண்ட்

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை மேசையில்
வணிகவியல்காரனான என்னை உட்கார வைத்தார்கள்.
வழிகாட்டி ஆசிரியர் என்று ஊத்துக்கோட்டையில் எங்களுக்கு
யாரும் இருந்ததில்லை.
மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி என்பதால்
நானும் மறுக்கவில்லை.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: எதிர்கால விருப்பம்.
தீப்பெட்டி அளவு.
அதற்குள் காலையிலிருந்து பதினேழு கலெக்டர்கள்,
நான்கு நர்ஸ்,
'ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஏதாவது' என்று ஒருவன்,
'அப்பாவைக் கேட்கணும்' என்று ஒருத்தி.
அந்தக் கட்டத்துக்கும் பத்தாவது கட்டத்தில் இருக்கும் குரூப்புக்கும்
என்ன உறவு என்று அவர்களும் கேட்கவில்லை
நானும் சொல்லவில்லை.
கையெழுத்து, முத்திரை, அடுத்த ஆள்.

ஹேமாவதி எழுதியிருந்தாள்:
தண்ணி அளக்கிறவங்க.

"கால்வாய் நம்ம பக்கம் நுழையுற இடத்துல
ஒருத்தர் பைக்ல வருவார் சார்.
சுவத்துல இருக்கிற நம்பரப் பார்ப்பார்,
எழுதுவார், யாருக்கோ போன்ல சொல்லுவார்.
அது எந்த குரூப்?"

இருபத்தாறு வருடத்தில்
என் முன் வராத கேள்வி.
பற்று தெரியும், வரவு தெரியும்;
ஆற்றுக்கு ஐந்தொகை போட எனக்குத் தெரியாது.

வரிசையை நிறுத்திவிட்டு
பொதுப்பணித் துறையில் தெரிந்தவருக்குத்
தெரிந்தவரைப் பிடித்தேன்.
சிரித்தார்.
"அளவு பார்க்கிறவன் தினக்கூலி சார், எட்டாவது போதும்.
மதகை எத்தனை அங்குலம் தூக்கணும்னு
சொல்றது வேற ஆள்."
ஸ்பீக்கரில் இருந்தது போன்.
"அப்ப அந்த வேற ஆள்" என்றாள்.

படிவத்தைக் கவிழ்த்து
கடைசியிலிருந்து எழுதினோம்.
மதகு.
அதற்கு முன்னால் உதவிப் பொறியாளர் தேர்வு.
அதற்கு முன்னால் சிவில்.
அதற்கு முன்னால் கணக்கு, கணக்கு, இன்னும் கணக்கு.
அதற்கு முன்னால்
பத்தாம் வகுப்பில் அவள் எடுத்த நாற்பத்து நான்கு.
பேனா அங்கே நின்றது.

பாலிடெக்னிக் போகலாம்.
பஸ் ஆறு ஐம்பதுக்கு,
அவள் மூன்று எருமை கறந்து முடிக்க ஏழே கால்.
சத்தியவேட்டில் மாமா வீடு, பக்கத்திலேயே ஜூனியர் காலேஜ்.
தெலுங்கு அவள் நாக்கில் புரளும்;
பலகையில் எழுதினால் வெறும் சுழி.
கண்டலேற்றிலிருந்து அத்தனை தூரம் வருகிற தண்ணீரிடம்
டி.சி. எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கு டீச்சர் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார்.
"நாற்பத்து நாலா? முதல் குரூப் வேண்டாம் சார்,
ரிசல்ட் போயிடும்.
அப்புறம் நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?"

அவள் பையிலிருந்து
அட்டை கிழிந்த நோட்டு ஒன்று வந்தது.
போன மாசியில் அந்த பைக்காரர் ஒன்பது நாள் வரவில்லையாம்.
ஒன்பது நாளும் தேதி, நேரம், அளவு,
முந்தைய நாளைக் கழித்து மீதி.

ஸ்டெல்லா நின்றபடியே படித்தார்.
சிவப்புப் பேனாவை எடுத்து
இரண்டு கழித்தலைத் திருத்தினார்.
பிறகு உட்கார்ந்தார், என் நாற்காலியில்.
"ராத்திரில மட்டும் ஏன் குறையுது?"
"மேல மோட்டார் போடுவாங்க மிஸ்.
அந்தப் பக்கமும் போடுவாங்க,
இந்தப் பக்கமும்."
"எத்தனை மோட்டார்னு இதுல இருந்தே சொல்ல முடியுமா?"
"தெரியல மிஸ்."
"எனக்கும் உடனே தெரியல" என்றார் ஸ்டெல்லா.
முதல் குரூப் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.
தாள் கேட்டார்.

அவர்கள் ஒரே தாளில் குனிந்திருக்க
எனக்கு உட்கார இடமில்லை.
வரிசை வராந்தா தாண்டி சைக்கிள் கொட்டகை வரை நீண்டிருந்தது.
கட்டி வைத்த கட்டின் நாடாவை அவிழ்த்து
அந்தப் பதினேழு கலெக்டர்களையும் உருவினேன்.
பியூன் முனிரத்தினத்திடம் சொன்னேன்,
சாப்பாட்டு மணிக்குப் பிறகு
ஒவ்வொருத்தராக வரச் சொல்லு,
படிவத்தின் பின்பக்கம் காலியாக இருக்கிறது.