மாதிரி எடுத்த இடம்

வேப்பனூத்திலிருந்து வந்த போத்தலில்
ஃப்ளோரைடு இரண்டு புள்ளி நான்கு.
மூன்று தடவை பார்த்துவிட்டேன், இறங்கவில்லை.
படிவத்தில் எல்லாம் இருக்கிறது:
ஊர், செல்லம்பட்டி ஒன்றியம், குழாயின் ஆழம் நானூற்று இருபது அடி.
எடுத்தவர் ஒச்சம்மாள்.
கணவர் பெயர் என்று அச்சடித்திருந்ததை
அவளே கோணலாக அடித்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டி
நாகமலைப் புதுக்கோட்டைக்கு ஸ்கூட்டரை விரட்டி
மாடியறையில் மடிக்கணினியைத் திறந்தால்
இன்னொரு மாதிரி.
இதற்குப் போத்தல் கிடையாது.
கடல்களுக்கு அப்பால் ஏதோ மலையில்
கண்ணாடி பிடித்த வெளிச்சம்.
கோடு கோடாகப் பிரித்து
ஐந்து பேருக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள்.
என் பங்கு ஊதாவின் ஓரம்.

சூரியனைத் தேடி வந்ததில்லை இந்த வால்மீன்.
போகிற வழியில் சூரியன் இருந்தது, அவ்வளவுதான்.
மாட்டுத்தாவணிக்குள் நுழையாமல்
ரிங் ரோட்டிலேயே வளைந்து போகும்
பலகையில்லாத ராத்திரி வண்டி.
திரும்பி வராது.

இதற்கும் ஒரு படிவம் போட்டுப் பார்த்தேன்.
ஊர்: தெரியாது.
ஒன்றியம்: ஒரு நட்சத்திரம். இன்னும் எரிகிறதா, தெரியாது.
ஆழம்: எழுநூறு கோடி வருஷம் என்கிறார் ஒருவர்.
முன்னூறு போதும் என்கிறார் இன்னொருவர்.
எடுத்தவர்: சூரியன்.
பனியைச் சுட்டு, ஆவியைக் கிளப்பி,
ஒரு கை வெளிச்சத்தை நம் பக்கம் தள்ளியது அதுதான்.

முன்னூற்று எண்பத்தெட்டு நானோமீட்டரில்
சயனோஜன் தலை தூக்கி நிற்கிறது.
மரவள்ளித் தோலின் கசப்புக்குச் சொந்தக்காரன்.
கொஞ்சம் தள்ளி நிக்கல், மெல்லிய கீறல்களாக.
இரும்பைக் காணோம்.
எங்கே போனாலும் சேர்ந்தே போகும் இரண்டு பேரில்
ஒருவன் மட்டும் வந்து வாசலில் நிற்கிறான்.
மற்றவன் எங்கே என்று கேட்டு
மூன்று வாரம் ஆகிறது.

ஜீப்பில் கமருதீனிடம் சொன்னேன்,
தண்ணீர் ஒரு பங்கு என்றால்
கார்பன் டை ஆக்சைடு எட்டுப் பங்கு.
கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்:
"அப்ப அது சோடா மேடம்.
எவனோ கோலிய அமுக்கி விட்டுட்டாய்ங்க."
எங்கள் கட்டுரையின் பதினோரு பக்கத்தில்
இவ்வளவு சரியாக ஒரு வரி இல்லை.

வேப்பனூத்தில், பேரில் மட்டும் ஊத்து.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சிரித்தபோது
பல்லெல்லாம் காவிக் கோடு.
அதையும் நிறமாலை மாதிரியே படித்தேன்.
எந்த வயதில் இந்தக் குழாய்க்கு வந்தார்கள் என்பதை
அந்தக் கோடுகளே சொல்லிவிட்டன.

ஒச்சம்மாள் அறிக்கையை வாங்கவில்லை.
"குடிக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுத்தா."
கூடாது.
"அப்ப எதக் குடிக்க?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆதியில் பூமியின் தண்ணீரில் ஒரு பங்கு
வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு.
அதைச் சொல்லும் இடமா அது.
கமருதீன் டிக்கியைத் திறந்து
எங்களுக்கென்று வைத்திருந்த இரண்டு கேனையும்
இறக்கி வைத்தார்.
பிள்ளைகள் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போனார்கள்.

வால்மீனிடம் யாரும் குடிக்கலாமா என்று கேட்பதில்லை.
அதனால்தான் இரவில் அங்கே போகிறேனோ என்னவோ.
எட்டு என்று எழுதினால் போதும்,
கூடக் குறைய ஒன்று இருக்கலாம் என்று
பக்கத்திலேயே சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.
இரண்டு புள்ளி நான்கில் அப்படி ஒளிய முடியவில்லை.

நேற்று குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று.
காலையில் லாரி வரும் என்றிருக்கிறார்கள்,
வந்ததா என்று ஒச்சம்மாளுக்குப் போன் போட வேண்டும்.
வால்மீன் சூரியனுக்குப் பின்னால் மறைய இன்னும் ஆறு நாள்.
மணி ஒன்றே கால்.
இரும்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில்
இன்று ஒரு சின்ன மேடு.
வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.
வானத்தின் சொந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து