நாற்பதில் ஒருவர்

பெல்கிரேடில் கொஷாவா காற்று வீசும் மாதம்.
ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டு
எச்சிலை அளந்துகொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள், சம்பளம் அதற்குத்தான்.
இரவு பதினொன்றுக்கு ஒரு பஞ்சுருளையை
இரண்டு நிமிடம் கன்னத்தில் ஒதுக்கி வைத்து
குழாயில் துப்பி மூடி
காலையில் கொண்டுவந்து தருவார்கள்.
குழாயின் மேல் எண் மட்டும்.
பெயர்கள் உறையில், உறை பெட்டகத்தில்.
சுழற்றிப் பிழிந்தால் அடியில் தேங்கும் கொஞ்சம் தெளிநீர்.
அவர்களுடைய முந்தைய இரவு
அவ்வளவுதான் இருக்கும்.

கார்ட்டிசால் விடியலில் ஏறும்.
நள்ளிரவுக்குள் இறங்கிவிட வேண்டும்,
கடைசி டிராம் பணிமனைக்குத் திரும்புவதுபோல.
சிலருக்கு இறங்குவதில்லை.
முகம் நிலவாய் உருண்டுவிடும்,
வயிற்றில் ஊதா வரிகள் ஓடும்,
மேசை முனை பட்டாலே தோல் கன்றிப்போகும்.
அப்படி நாற்பது பேர்.
ஒப்பிட்டுப் பார்க்க, நலமாய் இருப்பவர்கள் நாற்பது பேர்.
கட்டுப்பாட்டுக் குழு என்று இவர்களுக்குப் பெயர்.
யார் எதைக் கட்டுப்படுத்துகிறார்களோ, தெரியாது.
ஆளுக்கு இரண்டாயிரம் தினார், குழாயைத் தந்ததும்
ஒரு துண்டு பூரெக்.

வியாழக்கிழமை வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.
நலமானவர்கள் கீழே, சிந்திய எள்ளாய்க் கிடந்தார்கள்.
இருபத்தாறு மட்டும் மேலே,
நோயாளிகளின் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது.

"ஈறில் ரத்தம் கசிந்திருக்கும்" என்றார் டாக்டர் ஒப்ராத்.
"இல்லையென்றால் அன்றிரவு மனைவியோடு சண்டை.
விலகல். நீக்கிவிடு, தெசாங்கா."

"மூன்று இரவும் இதே அளவு.
ரத்தக் கசிவையும் சோதித்துவிட்டேன், இல்லை."

"மூன்று இரவும் சண்டை. எங்கள் வீட்டில் அப்படித்தான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.
பிறகு பெட்டகத்தின் சாவியைக் கேட்டார்.

லூபிஷா. ஏழாம் எண் டிராம் ஓட்டுநர்.
பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆள் நினைவுக்கு வந்தார்.
எழுந்திருக்க நாற்காலிக் கைகளை இரண்டு தரம் பற்றியவர்.
"டிராம் இருக்கை தொடையைக் கெடுத்துவிட்டது" என்றார்.
இடைவாரில் ஆணியால் குத்திய புதிய துளை.
முழங்கைக்குக் கீழே பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தழும்பு.
நான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே பூரெக்கை நீட்டினேன்.
நலம் என்று அச்சடித்த தாளில்
கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

தொலைபேசியில் அவர் குரலுக்குப் பின்னால்
யாரோ டிராம் மணியைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
உறுதியாய் எதுவும் சொல்வதற்கில்லை,
இன்னொரு முறை வாருங்கள், இம்முறை ரத்தமும் எடுக்க வேண்டும் என்றேன்.
மணி ஓய்ந்தது.
"அப்படியானால்" என்று இழுத்தார்,
"அந்த இரண்டாயிரத்தைத் திருப்பித் தர வேண்டுமா?"

மூக்குக்குப் பின்னால், மண்டையின் அடித்தளத்தில்
மிளகளவு ஒரு கட்டி.
ஏப்ரலில் எடுத்தார்கள்.

கட்டுரையின் முதல் அட்டவணையில்
நலமானவர்கள்: முப்பத்தொன்பது.
எண்ணின் தலையில் ஒரு சிறு நட்சத்திரக் குறி,
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி:
ஒருவர் விலக்கப்பட்டார்.
மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்,
எண்ணிக்கை ஏன் சமமாக இல்லை, ஒருவரைச் சேர்த்தால் என்ன.
டாக்டர் ஒப்ராத் பதிலை ஏழு முறை திருத்தி எழுதினார்.
நாற்பதாவது ஆளை நாங்கள் சேர்க்கவில்லை.

மிச்சமிருந்த துளிகளைப் பத்தாண்டு காக்க வேண்டும் என்பது விதி.
மைனஸ் எண்பதில், மூன்றாம் தட்டில்,
இடதுபுறம் மூன்று குழாய்கள்.
லூபிஷா இப்போது இரவில் தூங்குகிறாராம், மனைவி சொன்னாள்.
உறைபெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்,
அவர் உறங்காத மூன்று இரவுகள்
வெள்ளைப் புகைக்குள் விழித்தபடி நிற்கின்றன.
சீக்கிரம் மூடிவிடுகிறேன். குளிர் வெளியேறக் கூடாது.