நூறு வரை

முதலில் வந்தவன் சிவப்புச் சட்டை.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, நூறு எம்பிபிஎஸ் வரை.
ஜிஎஸ்டி தனி.
அடுத்தவன் நீலம்.
நானூற்று நாற்பத்தொன்பது, ஐம்பது வரை,
ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் ரௌட்டர் சும்மா.
மூன்றாமவனுக்கு மூச்சு வாங்கியது.
எர்ணாவூர்க் குடியிருப்பில் எங்கள் லிஃப்ட்
மூன்றாம் மாடி வரை.
நாங்கள் ஐந்தில்.
தண்ணீர் குடித்துவிட்டு இருநூறு என்றான்,
பிறகு அவனும் சொன்னான்: வரை.

கேஸ் ரசீதின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
விலை, வேகம், நிபந்தனை.
நான்காவது கட்டத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை,
விட்டுவைத்தேன்.

இறங்கும் வேகத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.
ஏறும் வேகம் எவ்வளவு என்று கேட்டால்
சிவப்பு போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான்,
நீலம் சிரிக்கிறான்.
"படம் பாக்கறதுக்கு அது எதுக்கு மேடம்?"
படத்துக்கு இல்லை, தம்பி.
ராத்திரி ஒன்பதிலிருந்து ஐந்து வரை
நான் பார்த்திராத ஊரின் ஆஸ்பத்திரிக்கு
பில் சரிபார்த்து அனுப்புகிறேன்.
யாரோ ஒருவரின் முழங்கால் எக்ஸ்ரே
இங்கிருந்து ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும்.
பாதியில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால்
அந்த நிமிடங்கள் என் சம்பளத்தில் இல்லை.

இப்போதைக்கு நாலாம் மாடி கபீர் வீட்டு நீலத்தில்
பாதிப் பணம் கொடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஐம்பது வரையில், மதியம் நாற்பத்தாறு.
சாயங்காலம் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்ததும்
ஒன்பது.

வரை.
எல்லை, கோடு, மலை என்று
பள்ளியில் பொருள் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிய சொல்.
கீழ்த்தளத்தில் மெர்சி வீட்டுச் சுவரில்
இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.
அந்த டிசம்பரில் வெள்ளமும் எண்ணெயும் சேர்ந்து வந்து
இது வரை என்று கையெழுத்துப் போட்டுப் போனது.
இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள்.
மூன்றாம் தடவை பீரோவை நகர்த்திவிட்டாள்.

போன செவ்வாய் விடியற்காலை, மூன்றே முக்கால்.
துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரி ஒன்று
பொறுமை போய் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.
லாரியின் உயரம், வயரின் தொங்கல்:
யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத இரண்டு எண்கள்.
சிவப்பு, நீலம், மூச்சு வாங்கியவனுடையது,
மூன்றும் ஒரே இழுப்பில் அறுந்தன.
முழங்கால் பாதி ஏறியிருந்தது.

தேசிங்கு ஏணியோடு வந்தபோது ஒன்பதரை.
எந்தக் கம்பெனி நீ என்றேன்.
"மூணுந்தாங்க்கா. சொக்காதான் வேற வேற,
பொட்டி ஒண்ணுதான்.
தோ, அந்தக் கம்பத்துல தொங்குது பாரு."
தூறல். மணலிப் பக்கமிருந்து அந்த வாடை.
குடையைத் தோளில் இடுக்கிக் குந்திக்கொண்டு
முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை
இன்னொரு இழையோடு வைத்து உருக்கினான்.
விரலில் ஏறிய துகளை
டேப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தான்.
நான் டீ கொண்டுபோனேன், ஐந்து மாடி.
அது ஆறியும் குடிக்கவில்லை.

எதைப் போடட்டும், நீயே சொல்லேன்.
"எத்த வேணா போடு. அறுந்துச்சுன்னா எனக்கு அடி.
நடுராத்திரின்னாலும் எடுப்பேன்.
மழன்னா மட்டும், ஏணி வழுக்கும்க்கா,
நிக்கிற வரைக்கும் டைம் குடு."

நான்காவது கட்டத்தில் அவன் எண்ணை எழுதினேன்.
பத்து இலக்கம் அதில் கொள்ளவில்லை,
கடைசி இரண்டும் சிலிண்டர் விலைமேல் ஏறிக்கொண்டன.

சாயங்காலம் சிவப்புச் சட்டை கூப்பிட்டான்.
முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?
ஆஃபர் இன்னிக்கு நைட் வரைக்கும்தான்.