டி-யில் நிற்கும்போது

மூன்று கேம்ஷாஃப்ட்.
கோயம்புத்தூரில் அரைத்து
எண்ணெய்த்தாளில் சுற்றி அனுப்பியிருந்தார்கள்,
வேண்டாத இரண்டைத் திருப்பிவிடலாம் என்று.
மன்னார்குடியில், நைனா முகமது பட்டறையில்,
ஈரப்பதம் பார்க்க நெல்லை உள்ளங்கையில் உருட்டுவதுபோல
ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன்.

இருநூற்று ஐம்பத்தாறு.
இருநூற்று அறுபத்தெட்டு.
இருநூற்று எண்பத்திரண்டு.
வால்வு எத்தனை டிகிரி திறந்தே கிடக்கும் என்ற கணக்கு.
கடைசியை எடுத்த கை கீழே வைக்கவில்லை.
அதன் சத்தத்தை யாரோ எடுத்த வீடியோவில் கேட்டு
மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டவள் நான்.
நிற்கும்போதே,
ஈரக்கதிரை விழுங்கிய அறுவடை இயந்திரம் மாதிரி
விட்டு விட்டு இருமும்.

"அது கிளட்ச் வண்டிக்கு சரிங்க" என்றார் நைனா.
என்னைவிட எட்டு வயது இளையவர்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பரவாயில்லை.
இரண்டு வயதில் வந்த காய்ச்சல்
இடதுகாலின் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு
உணர்ச்சியை விட்டுப் போனது.
எறும்பு ஏறினால் தெரியும். உதற முடியாது.
அதனால் ஆட்டோமேட்டிக்.
இரண்டாயிரத்து இரண்டு மாடல் ஹோண்டா சிட்டி,
எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியது.

சாக்பீஸால் தரையில் வரைந்தார்:
"இது வாய்க்கால், இது வடிகால்.
பெரிய கேம்ல ரெண்டு மதகும்
கொஞ்ச நேரம் சேர்ந்தே தொறந்திருக்கும்.
வெள்ளமா வந்தா இழுத்துக்கிட்டு ஓடும்.
தண்ணி மெல்ல வந்தா..."
"வடிகால்லேர்ந்து எதுத்து ஏறும்" என்றேன்.
தலைஞாயிற்றில் பிறந்தவளுக்குத் தெரியாதா,
உப்பு எந்த வழியாக வயலுக்கு வரும் என்று.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை.
ஏசி போட்டால் இன்ஜின் அணையும்.
பிரேக் கல்லாகும்.
ஐடிலை ஏற்றினால், டி-யில் போட்டதும்
முன்னால் நிற்கும் பஸ்ஸை முட்டப் பார்க்கும்.
கன்வெர்ட்டரை மாற்றலாம்,
மாற்றினால் கியர்பாக்ஸ் கொதிக்கும்,
அதற்கு ஒரு கூலர்,
கூலருக்கு...
என் முகத்தைப் பார்த்துவிட்டு
டீ சொல்லப் போனார்.

ஒரு வாரம் குறித்துவைத்தேன்,
கொள்முதல் நிலையத்து ரசீதின் பின்பக்கம்.
திங்கள்: நீடாமங்கலம் கேட். நாற்பத்தொரு நிமிடம். இரண்டு சரக்கு ரயில்.
செவ்வாய்: பாதி ரோட்டில் நெல் காய்கிறது. வேகம் இருபது.
துடைப்பத்தோடு ஒரு பெண் இன்னும் மெதுவாகப் போகச் சொன்னாள்.
புதன்: வலங்கைமான் வரை ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால்.
வியாழன்: மழை. மூட்டைகளுக்குத் தார்ப்பாய் தேடியதில் குறிக்கவில்லை.
வெள்ளி: வடுவூர் ஏரிக்கரை, காலை ஆறு, யாருமில்லை.
முள் நாலாயிரத்தைத் தாண்டியது.
பதினோரு வினாடி.

வாரத்துக்குப் பதினோரு வினாடி.
மற்ற நேரமெல்லாம்
மெல்ல வரும் தண்ணீர்.

"சின்னதையே போடுங்க."

போட்டார். நடுவில் பிக்கப் கூடியிருக்கிறது.
பாமணி ஆற்றுப் பாலம் தாண்டியதும்
ஒரு டவுன் பஸ்ஸை வளைவுக்கு முன்பே முந்தினேன்,
சும்மா, முந்த முடியும் என்பதற்காக.
அறுபத்தெட்டைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.
எண்பத்திரண்டு என் பீரோவில் இருக்கிறது,
ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில்.
பணம் கொடுத்துவிட்டேன். நைனா எதுவும் கேட்கவில்லை.

இன்று மறுபடியும் கேட்.
அக்னி வெயில், ஏசி முழுதாக,
வலதுகால் பிரேக்கில், கியர் டி-யில்.
பக்கத்து சீட்டில் தையல்நாயகி
மடியில் எடைச்சீட்டுக் கட்டோடு கேட்கிறாள்:
"ஏதோ மாத்துனேன்னீங்களே, என்னது?
ஒண்ணும் வித்தியாசமே தெரியலையே."

தெரியாது.
மிதியடியில் சும்மா கிடக்கும்
இடதுகாலுக்கு மட்டும் தெரிகிறது:
ஒரு சின்ன நடுக்கம்,
நின்று, திரும்ப வந்து,
உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.

கேட்டைத் தூக்குகிறார்கள்.
பின்னால் அத்தனை ஹாரனும்.
பிரேக்கை விடுகிறேன்.
மிதிக்கவேயில்லை,
வண்டி நகர்கிறது.