கழித்தல்

முப்பது கேள்விகள். ஒரே தாள், இரண்டு பிரதி.
அவருக்கு ஜன்னலோர மேசை.
எனக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்து நாற்காலி.
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடக் கூடாதாம்.
பதினோரு வருசம் ஒரே தட்டில் பசியாறியவர்கள்.

இளஞ்செழியன் த/பெ மருதை.
பெயரை அழகாகத்தான் எழுதியிருந்தார்.

சில்லறை எண்ணி வாங்க முடியுமா?
அவர் ஐந்து. நான் இரண்டு.
ஜெலுத்தோங் சந்தையில் ஐம்பது வெள்ளியை நீட்டி
மீன்காரரை வாழ்த்திவிட்டு வந்தவர்.
கோபத்தை அடக்க முடியுமா?
அவர் ஐந்து.
நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
லாரி ஓட்ட முடியுமா?
ஐந்தைச் சுற்றி இரண்டு வட்டம்.

மிஸ் ஊய் கழித்தார்,
அவருடையதிலிருந்து என்னுடையதை.
ஐம்பத்தெட்டு.
"அவர் பொய் சொல்லவில்லை.
தன்னைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்தான் அடி."

பாயான் லெப்பாஸில் எனக்கும் அளக்கிற வேலைதான்.
மயிரிழை பிசகினால் சிவப்புப் பெட்டி.
அளக்கும் கருவிக்கே ஆறு மாதத்துக்கொரு சோதனை,
தேதி போட்ட பச்சை ஸ்டிக்கர்.
என் மேல் யார் ஒட்டினார்கள்?
விபத்துக்கு முன்னால் இந்தத் தாள் வந்திருந்தால்
கோபத்துக்கு எவ்வளவு போட்டிருப்பேன் என்று
யாரும் கேட்கவில்லை.

மழை மாதங்கள் முழுக்கப் பயிற்சி.
சுடுவதற்கு முன்பே எழுத வேண்டும்,
எத்தனை தோசை கருகுமென்று. பிறகு எண்ண வேண்டும்.
'ஒன்றுகூட இல்லை' என்று எழுதி நான்கைக் கருக்கினார்.
அடுத்த மாதம் 'ஒன்று'. கருகியது மூன்று.
ஒருநாள் 'மூன்று' என்று எழுதி
மூன்றே கருக்கி
கல்லைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.
அடுப்பை நான்தான் அணைத்தேன்.

நேற்று மறுபடியும் அதே தாள்.
ஒன்பது, என்று மிஸ் ஊய் கைதட்டினார்.
நானும் தட்டினேன்.

பாலம் தெரிகிற திருப்பத்தில்
எந்த லாரியில் எத்தனை டன் என்று
தவறாமல் சொல்லிக்கொண்டு வருவார்.
நேற்று சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்ததும் லைசென்ஸை எடுத்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார்,
நான் பார்க்கும்படி.

அந்த ஐம்பத்தெட்டு வேண்டுமென்றிருந்தது எனக்கு,
ஒரு நொடி.

"அன்னைக்கு நீ எனக்கு எவ்வளவு போட்டே?"

எந்தக் கேள்விக்கு என்றேன்,
தெரியாதவள் போல.