இரண்டுக்கும் நடுவில்

ஸ்காபரோவிலிருந்து பிறேமினி அனுப்பிய செய்தியில்
கப்பலின் பெயர், ஏறும் துறை, அறை எண்,
காப்புறுதி, எல்லாம் விளங்கியது.
கடைசி வரி மட்டும் விளங்கவில்லை:
மாலைச் சாப்பாட்டுக்கு ஸ்மார்ட் கசுவல்.

இவர் அதைக் கடதாசியில் எழுதி
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
மின்சாரசபையில் முப்பத்தொரு வருசம்
மீற்றர் பார்த்த மனிதர்.
ஓர் இலக்கம் பிழைத்தால் நித்திரை வராது.

"கோட், ரை வேண்டாம் அப்பா.
கட்டைக் களிசானும் வேண்டாம்.
ரெண்டுக்கும் நடுவிலை."
நடுவிலை எண்டால் எவ்விடம்?
கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் நடுவிலை
கோச்சி நிக்கிறதில்லையே.

இவருக்குச் சட்டங்கள் தெரியாதென்றில்லை.
நல்லூரில் சேட்டைக் கழற்ற வேணும்.
கச்சேரியில் சேட்டை உள்ளே விட வேணும்.
செத்தவீட்டுக்கு வெள்ளை வேட்டி,
எட்டுச்செலவுக்கென்றால் கரை கொஞ்சம் நிறமாய் இருக்கலாம்.
சந்தைக்குப் போகும் சாரம் வேறு,
சந்தையால் வந்து மாற்றும் சாரம் வேறு.
இவற்றை ஆரும் எழுதித் தந்ததில்லை.
பிழையாய் உடுத்திப் போனால்
ஒரு முகம் திரும்பும்.
அதோடு பாடம் முடியும்.

கஸ்தூரியார் வீதியில் மூன்று கடை ஏறினோம்.
முதல் கடைப் பெடியன்
மினுங்கும் கோட் ஒன்றை விரித்தான்,
மாப்பிள்ளைத் தோழனுக்குத் தைத்ததாம்.
அடுத்த கடையில் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ்.
"ஆர் கிழிச்சது?" என்றார் இவர்.
"அது அப்பிடித்தான் வாறது, ஐயா."
"அப்ப விலையைக் குறையும்."

மூன்றாவதில் நின்ற பிள்ளை சங்கவி.
தமையன் கப்பலொன்றில் குசினி வேலையாம்.
கேட்டவுடன் விரல் மடித்தாள்:
"கொலர் வைச்ச சேட். நீளக் காற்சட்டை.
மூடின சப்பாத்து. பாட்டா வேண்டாம்.
பனியனோடை போனால் வாசலிலை மறிப்பினம்.
சிரிச்சுக்கொண்டுதான் மறிப்பினம்."

சிரித்துக்கொண்டு மறிப்பது
எங்கள் இருவருக்கும் புதிது.

கடல்நீலத்தில் சேட், சாம்பலில் காற்சட்டை.
திரையை விலக்கி வெளியே வந்து
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"போனமுறை கப்பலிலை
சாரத்தோடைதானே வந்தனான்."
எண்பத்திமூன்று. கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு,
சாமான் ஏற்றும் கப்பலில்.
முகாமில் ஆரோ கொடுத்த சாரம், நீளம் போதாது,
கரண்டைக்கால் தெரிய நின்றுகொண்டே வந்தவர்.
சங்கவி பில் புத்தகத்தைத் தேடினாள்,
அது கையில்தான் இருந்தது.
"அது வேறை கப்பல்," என்றேன்.
"ஓமோம்," என்று கொலரை நிமிர்த்தினார்.
"அதிலை ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

என்னையும் ஒருவரும் கேட்கவில்லை.
அம்மாக்குச் சீலை இருக்குத்தானே,
சீலைக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று
எழுதியிருந்தாள் மகள்.
உண்மைதான்.
மருந்துக் குளிசை எண்ணிக் கொடுத்த ஆஸ்பத்திரி யன்னலுக்கும்
சைக்கிளுக்கும் பங்கருக்கும்
அதே ஆறு யார்தான்.

இவர் சப்பாத்து நூலோடு குனிந்திருக்க
சங்கவியின் காதருகே போனேன்.
"கறுப்பிலை ஒண்டு. பொம்பிளையளின்ரை.
தொளதொளவெண்டு வேண்டாம்."
"ஆருக்கு, அன்ரி?"
"எனக்கு."
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
அளவுநாடாவை எடுத்தாள்.

இரவு அறைக்கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தேன்.
மேலே பிறேமினி விட்டுப்போன சந்தனநிறச் சட்டை.
அலுமாரியிலிருந்து யன்னல்வரை
சீலையில் ஐந்து அடி வைப்பேன்.
இதில் மூன்றோடு முடிந்துவிட்டது.
திரும்ப நடந்தேன்.
திரும்பவும்.

பக்கத்தில் ஒரு பொக்கற் இருந்தது.
விட்ட கை மணிக்கட்டுவரை போனது.
அறுபத்திமூன்று வயதில்
அதற்குள் எதை வைப்பதென்று தெரியவில்லை.
இப்போதைக்கு
அலுமாரித் திறப்பை வைத்திருக்கிறேன்.

வெளியில் இவர்
அதைத்தான் தேடுகிறார்.